குழலுக்குள் ஒரு தகப்பன்

“அப்பாவும் போயிட்டா, யாரு பாத்துக்குவா?”

நாலு வயதில் மகள் கேட்ட கேள்வி அது. அன்று அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அதனால், தான் வேலை பார்க்கும் கடல் ஆய்வு நிலையத்துக்கே அவளைத் தூக்கி வந்திருந்தார் அப்பா. நிலையத்தின் பின்பக்கத்தில் குளிரூட்டிய ஒரு சின்ன அறைதான் அவருடைய ராஜ்ஜியம். சுவரோரம் அடுக்கடுக்காகக் கண்ணாடிக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கடல்நீர், கொஞ்சம் மணல், மணலுக்குள் சுணைப்புழுக்கள். விரல் நீளம்கூட வராத, நூல்போல மெல்லிய, செம்பழுப்பு உடம்புகள். இரண்டு பக்கமும் வரிசையாகக் குட்டிக் குட்டிக் கால்கள், அவற்றின் நுனியில் மயிரிழைபோலச் சுணைகள். நிலையத்தில் அவரை எல்லோரும் புழு சார் என்றே கூப்பிட்டார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தார்.

மகளை முக்காலியில் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்கச் சொன்னார்.

“ஒரு குழல் மாதிரி தெரியுதா? அதோட எச்சில்ல மணல ஒட்டி அதுவே கட்டின வீடு. உள்ள மஞ்சளா இருக்கறது முட்டை.”

“பக்கத்துல ஒண்ணு டான்ஸ் ஆடுது.”

“டான்ஸ் இல்லடா கண்ணு. முட்டைக்கு மூச்சு முட்டாம இருக்க உடம்ப அசைச்சு அசைச்சுப் புதுத் தண்ணிய உள்ள அனுப்புது. அது அப்பாப் புழு.”

“அம்மாப் புழு?”

“முட்டை போட்டதும் அது செத்துப் போயிடும்.”

குழந்தை கண்ணை எடுக்கவில்லை. “நம்ம வீடு மாதிரி” என்றாள். அவள் பிறந்த அன்றே அவள் அம்மா போய்விட்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“போக மாட்டார்டா” என்றார் அவர். அது அவளுக்குப் போதுமாக இருந்தது. முக்காலியிலிருந்து குதித்து பிஸ்கட் கேட்டாள். அவருக்குப் போதவில்லை. எத்தனையோ குழல்களைப் பார்த்திருக்கிறார். முட்டையை விட்டுவிட்டுப் போன ஒரு தகப்பனையும் அவர் கண்டதில்லை. சொட்டுக்குழாயின் நுனியை அருகில் கொண்டுபோனால்கூட, தன்னைவிட ஆயிரம் மடங்கு பெரிய அந்தக் கண்ணாடியைப் பார்த்து வாயைத் திறந்து, கறுத்த இரண்டு தாடைகளையும் வெளியே தள்ளிக்கொண்டு நிமிரும். ஓடாது. குஞ்சுகள் வெளிவந்து, கால்கள் முளைத்து, தாமே இரை தேடப் போகும்வரை ஓடாது. இத்தனை சின்ன உடம்புக்குள் இத்தனை பிடிவாதத்தை வைத்தவன் காரணமில்லாமலா வைத்திருப்பான் என்று நினைத்துக்கொள்வார். அவருக்கு அதுதான் தினசரிப் பிரார்த்தனை.

மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய வருஷம் துறைமுகத்தை ஆழப்படுத்தினார்கள். பெரிய கப்பல்கள் வர வேண்டுமாம். அடியிலிருந்து வாரும் சேற்றை எங்கே கொட்டுவது என்று கேள்வி வந்தது. பக்கத்திலேயே ஆழமில்லாத இடத்தில் கடற்புல் மேடு ஒன்று இருந்தது. அங்கே கொட்டினால் செலவு குறைவு. ஆனால் ஊரில் விற்கும் மீன்களில் பாதி, குஞ்சாக இருக்கும்போது அந்தப் புல்லுக்குள்தான் ஒளிந்து வளர்கிறது. அதனால் சேறு கெடுதல் இல்லாதது என்று ஆய்வு நிலையம் சான்று தர வேண்டும். சோதனை எளிமையானது. துறைமுகச் சேற்றில் சுணைப்புழுக்களை விட வேண்டும். குறித்த கெடு முடிந்ததும் எடுத்துப் பார்க்க வேண்டும். உயிரோடு இருந்தால் சேறு நல்ல சேறு. கையெழுத்துப் போட வேண்டியவர் புழு சார்.

சேற்றைச் சலித்துக் கிண்ணங்களில் நிரப்பும் பெண்மணிக்கு நிலையத்தில் சல்லடை அக்கா என்று பெயர். வாய் ஓயாது, கையும் ஓயாது. புழுக்களை மாற்றும் நாளில் அவள் இடுப்பில் கை வைத்து நின்று அவரைப் பார்த்தாள்.

“இன்னும் எத்தனை நேரம் சார்? புழுவக் குழல்லருந்து உருவிப் போடணும்னுதான விதி? நீங்க என்னமோ குடித்தனக்காரங்கள வீடு மாத்தற மாதிரி மாத்தறீங்க.”

“வர மாட்டேங்கறத எப்படிக்கா உருவறது? பிஞ்சுடும். இத வீட்டோடவே எடுத்து வெச்சுடறேன்.”

“பால் காய்ச்சணுமா சார், புது வீட்டுக்கு?”

அவர் சிரித்தார். அகன்ற வாய் கொண்ட சொட்டுக்குழாயால் அந்தக் குழலை அப்படியே உறிஞ்சிச் சேற்றின்மேல் மெதுவாக இறக்கினார். அது தவறு. சோதனைக்குத் தனிப்புழுவை மட்டுமே எடுக்க வேண்டும், வெறும் உடம்பாக எடுக்க வேண்டும். பிடிவாதமாக வெளியே வர மறுக்கும் புழுவைக் கண்டால் அவருக்குக் கை வராது. அந்த ஒரு குழலுக்குள் முட்டைகள் இருந்ததை அவர் பார்க்கவில்லை.

கெடு முடிந்து பார்த்தபோது எல்லாப் புழுக்களும் உயிரோடு இருந்தன. சல்லடை அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு, “அப்பாடா, வேலை முடிஞ்சுது” என்றாள். அவர் ஒரு கிண்ணத்தின்மேல் குனிந்தபடியே இருந்தார். அதில் குழல் ஒரு மூலையில் கிடந்தது. புழு எதிர்மூலையில், சேற்றின்மேல், அக்கடா என்று சுற்றிக்கொண்டிருந்தது. நல்ல ஆரோக்கியம். குழலைக் கீறிப் பார்த்தார். உள்ளே முட்டைகள் வெளுத்து, கஞ்சிபோலக் கலைந்து போயிருந்தன.

“என்ன சார், செத்துருச்சா?”

“இல்லக்கா. போயிடுச்சு.”

இயக்குநரின் அறை மாடியில் இருந்தது. அவர் மீன்காரர். உளுவை மீன்களைப் பற்றி ஆராய்ந்து பேர் எடுத்தவர். கீழே கிடங்குக்குப் பக்கத்து அறையில் இன்றைக்கும் சொந்தமாக ஒரு தொட்டி வைத்திருந்தார். புழுக்களைக் கண்டாலே அவருக்கு முகம் சுளிக்கும். மீனுக்குத் தீனியாகக் கொஞ்சம் புழு கொடு என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். “என் பிள்ளைங்கள உங்க பிள்ளைங்களுக்கு ஊட்ட முடியாதுண்ணா” என்று இவரும் வருஷக்கணக்காக மறுத்துக்கொண்டிருந்தார். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு.

அன்று விளையாட்டு இல்லை.

“எல்லாம் உயிரோட இருக்கு இல்ல? அப்ப கையெழுத்துப் போடு தம்பி.”

“ஒரு தகப்பன் முட்டைய விட்டுட்டுப் போயிருக்குண்ணா. இது நடக்காத காரியம்.”

“முட்டை இருந்த புழுவ எதுக்கு எடுத்த? அது உன் தப்பு. அந்தக் கிண்ணத்தத் தள்ளிடு.”

“தப்பு என்னோடதுதான். எழுதியே தரேன். ஆனா கிண்ணத்தத் தள்ள மாட்டேன். முட்டையோட இருக்கற தகப்பனுங்களையே எடுத்து மறுபடி வெச்சுப் பாக்கறேன். பாதி சுத்த மணல்ல, பாதி இந்தச் சேத்துல.”

“அப்படி ஒரு சோதனையே விதியில கிடையாதுடா!”

“ஆமாண்ணா, கிடையாது. புழு சாகாட்டிப் போதும்னுதான் விதி சொல்லுது. ஆனா அது சாகாம இருந்து என்ன பண்ணுதுன்னு நான் பாத்துட்டேன். பாத்தத இல்லேங்க முடியாது.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லிக்காட்ட அவருக்கு உரிமை இருந்தது. மனைவி போன புதிதில் புழு சார் கைக்குழந்தையோடு மாதக்கணக்கில் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார். திரும்பி வந்தபோது எல்லாம் செத்து நாறிப்போயிருக்கும், வேலையும் போயிருக்கும் என்று நினைத்துத்தான் அறைக்கதவைத் திறந்தார். கிண்ணங்கள் எல்லாம் துடைத்து வைத்தபடி இருந்தன. தண்ணீர் தெளிவாக இருந்தது. புழுக்கள் பெருகியிருந்தன. அன்று சக ஆய்வாளராக இருந்த இந்த மீன்காரர்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டே தினமும் வந்து தண்ணீர் மாற்றியிருந்தார். சல்லடை அக்கா சொல்லித்தான் இவருக்கே தெரியும். அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. இவரும் நன்றி என்று வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் சின்னதாகிவிடும் என்று பயம்.

இயக்குநர் இன்றும் அதைச் சொல்லவில்லை. “பண்ணித் தொலை” என்றார். “ஆனா துறைமுகத்துக்காரங்க வர்ற கூட்டத்துக்கு முன்னாடி முடிக்கணும்.”

இரண்டாம் சோதனையில் தகப்பன்களை அவர் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தார். எல்லாமே முட்டையோடு இருந்தவை. சுத்த மணலில் வைத்தவை குழலுக்குள்ளேயே கிடந்து உடம்பை அலையடித்துக்கொண்டிருந்தன. தொட்டால் தாடையைக் காட்டின. துறைமுகச் சேற்றில் வைத்தவை முதலில் அப்படித்தான் இருந்தன. பிறகு அலை தளர்ந்தது. பிறகு, காலையில் வந்து பார்க்கும்போதெல்லாம், இன்னொன்று வெளியே கிடந்தது. சாகவில்லை. எதுவுமே சாகவில்லை. எதையோ மறந்துவிட்டவைபோலச் சுற்றிக்கொண்டிருந்தன.

சல்லடை அக்கா மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்தாள். அப்புறம், “இதுக்கு அதுங்க செத்தே போயிருக்கலாம் சார்” என்றாள்.

வீட்டில் மகள் துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“கையெழுத்துப் போடலேன்னா என்ன பண்ணுவாங்க?”

“அறையப் பிடுங்குவாங்க. பதவி உயர்வு வராது. வேற எங்கயாவது தூக்கிப் போட்டாலும் போடுவாங்க.”

“என் படிப்புச் செலவ நினைச்சு நீ போட்டுடாத. அப்புறம் எனக்கு சோறு இறங்காது.” ஒரு சட்டையை உதறினாள். “ஆமா, ஒண்ணு கேக்கணும். காலேஜ் லைப்ரரில ஒரு புத்தகம் பாத்தேன். முட்டை போட்டு முடிச்ச அம்மாப் புழுவ அப்பாப் புழு சில சமயம் தின்னுடுமாமே? சின்ன வயசுல அந்தப் பகுதிய மட்டும் சாமர்த்தியமா மறைச்சுட்ட இல்ல?”

அவர் காது சிவந்தது. “உனக்கு அப்ப நாலு வயசும்மா.”

“நல்லவேளை. சொல்லியிருந்தா அம்மா போட்டோவப் பாத்துட்டு உன்ன ஒரு மாதிரி பாத்திருப்பேன்.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் அவள் அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “நீ போகலப்பா. அது எனக்குத் தெரியும். அந்தச் சேறு போகாததக்கூடப் போக வைக்குதுன்னா, அத நீ சொல்லித்தான் ஆகணும்.”

கூட்டம் நிலையத்தின் பெரிய அறையில் நடந்தது. துறைமுகத்து அதிகாரி வழுவழுப்பான சட்டையோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் ஓரத்தில். புழு சார் இரண்டு கிண்ணங்களையும் மைக்ரோஸ்கோப்பையும் ஒரு தட்டில் வைத்து, சோறு பரிமாற வருகிறவர்போல மெதுவாக எடுத்து வந்தார்.

“இதெல்லாம் எதுக்கு?” என்றார் அதிகாரி. “புழுங்க உயிரோட இருக்கா, இல்லையா?”

“இருக்கு சார்.”

“அப்ப சேறு நல்ல சேறு.”

“இல்ல சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஏன்னு இதுல கண் வெச்சுப் பாத்தா தெரியும்.”

“ஒரு புழு பிள்ளையப் பாத்துக்கலேங்கறதுக்காகக் கப்பல் நிக்கணுமா? நாளைக்கு அது குடிச்சுட்டு வீட்டுக்கு வரலேன்னு சொல்வீங்க.”

சிலர் சிரித்தார்கள். புழு சார் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

“கப்பல் நிக்க வேண்டாம் சார். வரட்டும். சேத்த அந்தப் புல்லுமேல கொட்ட வேண்டாம், அவ்வளவுதான். கரையில குழி வெட்டி, தடுப்புக் கட்டி, அங்க கொட்டுங்க. அந்தப் புல்லுக்குள்ள இருக்கற ஒவ்வொரு குஞ்சும் யாரோ ஒருத்தர் காவலாலதான் வளருது. காவலாளியக் கொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சுடும். காவல மறக்க வெச்சா யாருக்கும் தெரியாது. சோதனையும் பாஸாயிடும்.”

“விதியில இல்லாதத நீங்க பேசறீங்க.”

“ஆமா சார். விதிய எழுதினவங்க இதப் பாக்கல. நான் பாத்தேன். என்னப் படைச்சவன்கிட்ட ஒருநாள் பதில் சொல்லணும். உங்ககிட்டயும் இப்பவே சொல்லிடறேன். போட மாட்டேன்.”

குரல் உயரவில்லை. தட்டை அதிகாரியின் முன்னால் நகர்த்தி வைத்தார்.

அதிகாரி இயக்குநர் பக்கம் திரும்பினார். “சரி, இவர் வேண்டாம். உங்ககிட்ட வேற ஆளே இல்லையா? வேற யாரையாவது போடச் சொல்லுங்க.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். எழுந்து போய் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். முகம் வழக்கம்போலச் சுளித்தது. முதல் கிண்ணம், இரண்டாம் கிண்ணம். நெடுநேரம் பார்த்தார்.

“இங்க புழுவத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான்” என்றார், நிமிராமலே. “வேற கையெழுத்து இதுல விழாது.”

சேறு புல்மேட்டுக்குப் போகவில்லை. கரையில் குழி வெட்டினார்கள். அந்தச் செலவுக்கான கோபம் நிலையத்தின்மேல் இறங்கியது. இயக்குநரை விளக்கம் கேட்கத் தலைமை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியவில்லை. போகும் நாளில் படிக்கட்டில் அவரைப் பார்த்த புழு சார், “அண்ணா” என்றார்.

“பேசாத” என்றார் இயக்குநர். “உன்மேல எனக்கு இன்னும் கோபம் தீரல. நல்லா இருந்த என் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்ட.” பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

குளிரூட்டிய அறையைப் பிடுங்கிக்கொண்டார்கள். புழுக்களோடு புழு சார் கீழ்த்தளத்துப் பாட்டில் கிடங்குக்கு மாற்றப்பட்டார். சன்னல் ஒன்று, மின்விசிறி ஒன்று. சல்லடை அக்கா கிண்ணங்களைச் சுமந்துகொண்டே வழியெல்லாம் திட்டினாள். “வாங்க சார், இந்தத் தடவ நீங்களும் வீட்டோட மாறுங்க.” அவர் ஈரத்துணிகளைச் சன்னலில் தொங்கவிட்டு அறையைக் குளிர்வித்தார். சில புழுக்கள் வெக்கையில் செத்தன. மற்றவை புதிய மணலில் குழல் கட்டத் தொடங்கின. அதைப் பார்த்தபோது அவருக்கு முதுகு நிமிர்ந்தது.

கிடங்குக்கும் இயக்குநரின் மீன் அறைக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு பழைய கதவு. அதன் தாழ்ப்பாள் கிடங்குப் பக்கம் இருந்தது. அப்பால் காற்றுக்குழாயின் களகளச் சத்தம் எப்போதும் கேட்கும். ஒருநாள் காலையில் அது கேட்கவில்லை.

நிலையத்தில் இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. அவர் தாழ்ப்பாளைத் தள்ளினார்.

தொட்டியின் தண்ணீர் மங்கியிருந்தது. குழாய் சுவரிலிருந்து கழன்று விழுந்திருந்தது. அதை மாட்டினார், சத்தம் திரும்ப வந்தது. தீனி டப்பா காலி. இருந்த சில உளுவைகளில் ஒன்று மட்டும் நகரவில்லை. பாதி உடைந்த மண்கலயம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் வாயில், பெருவிரல் அளவுள்ள அந்த ஆண் மீன், செட்டைகளை விரித்து விசிறியபடி நின்றது. கலயத்தின் உள்சுவர் முழுக்க முட்டைகள். மீனுக்கு விலா எலும்பு தெரிந்தது. அவர் கை நீட்டியதும் அது வாயைப் பிளந்துகொண்டு அவர் விரலை நோக்கி வந்தது.

“சரி, சரி” என்றார் அவர். “ஒண்ணும் பண்ண மாட்டேன்.”

உளுவைத் தகப்பனுக்குப் பசி எல்லை மீறினால் என்ன செய்யும் என்று இயக்குநர்தான் முன்பொருநாள் சொல்லியிருந்தார். காவல் காக்கும் முட்டைகளையே தின்னத் தொடங்கும். வெறுப்பால் அல்ல, வேறு வழி இல்லாமல்.

அவர் கிடங்குக்குத் திரும்பினார். கிண்ணங்களின் முன்னால் நின்றார். காவல் நிற்கும் இந்த மீனுக்கு வேறு எதுவும் ஆகாது, வாயருகில் நெளியும் உயிருள்ள இரைதான் வேண்டும். நின்றுகொண்டே உதடு அசையாமல் எதையோ சொல்லிக்கொண்டார். பிரார்த்தனையா, மன்னிப்பா, அவருக்கே தெரியாது. முட்டையோடு இருந்த கிண்ணங்களைத் தொடவில்லை. தனியாக இருந்தவற்றில் வயதானவற்றைத் தேடினார். சொட்டுக்குழாயில் ஒன்று வர மறுத்தது. வழக்கமாக அப்படிப்பட்டதை விட்டுவிடுவார். அன்று பொறுமையாகக் காத்திருந்து, குழலைப் பிய்க்காமல், அது தானாகத் தலை நீட்டியபோது எடுத்தார்.

தொட்டியில் விட்டார். கலயத்தின் வாயை விட்டு ஒரு விரற்கடைகூட நகராமல் அந்த மீன் இரையைக் கவ்விக்கொண்டது. அடுத்த கணம் மறுபடி விசிறத் தொடங்கியது.

அதன்பிறகு தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்தார். தண்ணீர் மாற்றினார், கண்ணாடியைத் துடைத்தார், புழு போட்டார். இயக்குநர் துணியை எப்படி நாலாக மடித்துத் தொட்டியின் இடது பக்கம் தொங்கவிடுவாரோ அப்படியே தொங்கவிட்டார். சல்லடை அக்கா வருவதற்குள் தாழ்ப்பாளைப் போட்டுவிடுவார். அவள் கிண்ணங்களைப் பார்த்து, “புழு குறையுதே சார்” என்று ஒருதரம் கேட்டாள். “வெக்கைக்கா” என்றார். வெக்கை இருந்ததும் உண்மைதான்.

கலயத்தில் முட்டைகளுக்குள் கண்கள் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. பிறகு ஒருநாள் கலயம் காலியாக இருந்தது. தொட்டி முழுக்கக் கண்ணாடித் துணுக்குகள்போலக் குஞ்சுகள் மின்னின. தகப்பன் முதல்முறையாகக் கலயத்தை விட்டு வெளியே வந்து மூலையில் சோர்ந்து கிடந்தது. அதற்குப் பெரிதாக ஒரு புழு போட்டார்.

அன்று மதியம் சல்லடை அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தாள். “சார், பெரியவர் நாளைக்கு வராராம்! மேல ஒண்ணும் சொல்லலையாம். பழைய நாற்காலி அவருக்கேதானாம்.”

“நல்லதுக்கா” என்றார் அவர், கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் இன்னும் சீக்கிரமாக வந்தார். தொட்டியைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். துணியை நாலாக மடித்துத் தொங்கவிட்டார். தரையில் தன் ஈரச் செருப்புத் தடம் இருந்தது. அதை முழங்காலிட்டுத் துடைத்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, தாழ்ப்பாளின் முன்னால் ஒரு காலிப் பாட்டில் பெட்டியை நகர்த்தி வைத்தார், எத்தனையோ நாளாக அங்கேயே கிடந்ததுபோல.

பிறகு தன் கிண்ணங்களிடம் திரும்பி, ஒரு குழலின்மேல் குனிந்தார். உள்ளே ஒரு தகப்பன் உடம்பை அலையடித்துக்கொண்டிருந்தது. அவர் நிழல் விழுந்ததும் தாடையைக் காட்டியது.

சுவருக்கு அப்பால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. காலடிகள் தொட்டிவரை வந்து நின்றன. ரொம்ப நேரம் எந்தச் சத்தமும் இல்லை. காற்றுக்குழாய் மட்டும் களகளத்துக்கொண்டிருந்தது.

அவர் தலை நிமிரவில்லை. அடுத்த கிண்ணத்துக்குத் தண்ணீர் மாற்றத் தொடங்கினார்.